ரிங் இருக்கு, நோட்டு இருக்கா?

பறவைக் கடையில் “இது ரிங் பேர்டுக்கா” என்று சொன்னால் அடுத்து விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். பக்கத்துக் கூண்டில் அதே நிறத்தில், அதே வயதில், அதே மாதிரிக் கொண்டையோடு இன்னொரு காக்டெய்ல் கிளி உட்கார்ந்திருக்கும். அதன் காலில் ஒன்றும் இருக்காது, அதனால் கொஞ்சம் மலிவு. சரி, அந்தச் சின்ன அலுமினிய வளையத்துக்கு எதற்காகக் காசு என்று கேட்டுப் பாருங்கள், கடைக்குக் கடை பதில் மாறும். ஃபாரின் லைன், வெளிநாட்டு வம்சம் என்பார் ஒருவர். கவர்மெண்டில் பதிவானது என்பார் இன்னொருவர். “ரிங் இருந்தா லீகல்க்கா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்று ஒருவர் என்னிடம் அடித்தே சொன்னார். முதல் இரண்டும் எப்போதாவது உண்மையாக இருக்கலாம், மூன்றாவது சுத்தப் பொய்.

பல வருஷமாக வீட்டில் காக்டெய்லும் லவ் பேர்ட்ஸும் வளர்க்கிறேன் (நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்பது பட்ஜெரிகரைத்தான், நிஜமான லவ் பேர்டை ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்கிறோம், இந்தக் குழப்பத்தை இனி யாராலும் தீர்க்க முடியாது). வீட்டுக்கு வருகிறவர்கள், “பாவம், இதுக்கு எதுக்கு விலங்கு மாட்டி வச்சிருக்க” என்பார்கள். விலங்கு இல்லை, சங்கிலி கட்டுவதற்கும் இல்லை. அது ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணை எங்கேயாவது ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. எழுதி வைக்கவில்லையென்றால் பறவை காலில் வெறும் தகரத்தைச் சுமந்துகொண்டு திரிகிறது.

வளையத்தில் இரண்டு ஜாதி. ஒன்று முழு வட்டம், எங்கேயும் வெட்டோ இணைப்போ கிடையாது. மூடிய வளையம், க்ளோஸ்டு ரிங். இன்னொன்று நடுவே வெட்டு உள்ளது, திறந்து மாட்டி இடுக்கியால் அழுத்திவிடலாம். இந்த இரண்டாவதை எந்த வயதுப் பறவைக்கும் எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம், வேறு பறவைக்கு மாற்றவும் செய்யலாம். அதனால் அது எதற்கும் சாட்சி ஆகாது. கூட்டத்தில் எது எந்த ஜோடி என்று அடையாளம் தெரிய பிளாஸ்டிக்கில் கலர் கலராக மாட்டுவார்களே, அதற்கு அது போதும்.

மூடிய வளையத்தின் கதையே வேறு. அதைக் குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் போட முடியும். லவ் பேர்ட்ஸ் குஞ்சுக்குப் பொரித்த ஐந்தாறு நாளிலிருந்து எட்டு நாளுக்குள், காக்டெய்லுக்கு ஒரு வாரம் பத்து நாள், பெரிய கிளிகளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு நாள் முந்தினால் வளையம் கழன்று கூட்டுப் பானைக்குள் விழுந்துவிடும், இரண்டு நாள் பிந்தினால் பாதம் நுழையாது. அந்தக் காலத்தில் வளையல்காரர் கையை ஒடுக்கிப் பிடித்து, விரல்களைக் குவித்து, கொஞ்சம் சோப்பு தடவி வளையலை ஏற்றுவாரே, ஏறக்குறைய அதே வித்தைதான். கிளி ஜாதிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. முன் விரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழைத்து, பின் விரல்களைக் காலோடு ஒட்டி மடக்கி அதன் மேலே வளையத்தை ஏற்ற வேண்டும். பிறகு வளையத்துக்குள் சிக்கி நிற்கும் பின் விரல்களை மழுங்கின பல்குத்தும் குச்சியால் மெதுவாக வெளியே எடுத்துவிட வேண்டும். புறாவுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்பதால் மூன்றையும் குவித்து, ஒன்றை மடக்கினால் போதும். கை பழகினவர்கள் நாம் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடித்துவிடுவார்கள். சிலர் கொஞ்சம் வாசலைன் தடவுவார்கள்.

அப்புறம் பாதம் வளர்கிறது, கணு தடிக்கிறது, வளையம் உள்ளே தங்கிவிடுகிறது. வெட்டாமல் எடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் உலகமே மூடிய வளையத்துக்கு மரியாதை கொடுக்கிறது. காலில் சரியான அளவில் மூடிய வளையம் இருக்கிறதென்றால், இந்தப் பறவை குஞ்சாக இருந்தபோது, பிறந்த முதல் சில நாட்களில், ஒரு மனிதனின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்கிறது. காட்டில் வளர்ந்து வலையில் விழுந்த பறவைக்கு அது இருக்க வழியில்லை. வாதம் இவ்வளவுதான். ஆனால் இதில் ‘சரியான அளவில்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும், எல்லாத் திருட்டும் அந்த இடத்தில்தான் நடக்கிறது, பிறகு வருகிறேன்.

அளவு என்றால் உள்விட்டம். லவ் பேர்ட்ஸுக்கு 4 மில்லிமீட்டரை ஒட்டி, காக்டெய்லுக்கு 5லிருந்து 5.5, பந்தயப் புறாவுக்கு 8, பஞ்சவர்ணக் கிளி (மக்காவ்) சைசுக்குப் போனால் 14 மில்லிமீட்டர் வரும். பொருளும் மாறும். சின்னப் பறவைக்கு அலுமினியம் போதும், லேசாக இருக்கும், சாயமும் ஏற்றலாம். மக்காவ், ஆப்ரிக்கன் கிரே மாதிரிப் பெரிய அலகுக்காரர்களுக்கு அலுமினியம் போட்டால் அதைக் கடித்தே நசுக்கிவிடும், நசுங்கின வளையம் காலை இறுக்கும். அவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

குஞ்சுக்கு மாட்டியாயிற்று என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. சில தாய்ப் பறவைகளுக்குக் கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் அப்படி ஒரு வெறி. குஞ்சின் காலில் திடீரென்று ஏதோ பளபளக்கிறது, குப்பை என்று நினைத்து அதைப் பிடித்து வெளியே இழுக்கும், அதோடு சேர்ந்து குஞ்சும் வெளியே வந்து விழும். இதற்காகப் பழைய ஆட்கள் வளையத்தைக் கறுப்பு மார்க்கரால் மங்கலாக்குவார்கள், இல்லாவிட்டால் கூட்டிலிருக்கும் எச்சத்தையே பூசிவிடுவார்கள். சாயங்காலமாக, தாய்க்கு வெளிச்சம் மங்குகிற நேரமாகப் பார்த்துப் போடுகிறவர்களும் உண்டு.

வளையத்தில் என்ன எழுதியிருக்கும்? இதற்கு உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது. பொதுவாக ஆண்டு, வளர்ப்பவரின் குறியீடு அல்லது சங்கத்தின் சுருக்கெழுத்து, வரிசை எண் ஆகிய மூன்றும் இருக்கும், சிலவற்றில் நாட்டின் குறியும் சேரும். ஆண்டுக்கு ஒரு நிறம் என்று சங்கங்கள் முறை வைத்திருப்பதால் எட்டத்திலிருந்து பார்த்தே இது போன வருஷத்துக் குஞ்சு, இது அதற்கு முந்தினது என்று சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் வளர்ந்த பறவையின் வயதைச் சொல்வது ஜோசியம் பார்ப்பதுதான். ஆணுக்கு வலது கால், பெண்ணுக்கு இடது கால் என்று வளையம் போடும் வழக்கமும் வெளிநாட்டில் உண்டு, ஆனால் அது பறவையின் பால் தெரிந்த பிறகு மாட்டும் வளையத்துக்குத்தான் பொருந்தும். எட்டு நாள் குஞ்சில் ஆண் எது பெண் எது என்று யாருக்குத் தெரியும்? இப்போது இறகைப் பிடுங்கி உறையில் போட்டு லேபுக்கு அனுப்பி டிஎன்ஏ கார்டு வாங்குகிறோமே, அந்தக் கார்டில் பறவையின் பெயருக்குப் பதிலாக ரிங் எண்தான் இருக்கும். எண் இல்லாத பறவைக்கு வந்த கார்டை எந்தப் பறவையோடு வேண்டுமானாலும் சேர்த்து விற்கலாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வளர்ப்பவருக்கு இதில் உள்ள நிஜமான லாபம் உறவு முறை தெரிவது. ஒரே கூண்டில் முப்பது பறவையை விட்டுவிட்டு அதுவாக ஜோடி சேரட்டும் என்று விட்டால் ரெண்டு மூன்று தலைமுறையில் அண்ணன் தங்கை, அப்பா மகள் என்று கலந்துவிடும். அப்புறம் முட்டை கூமுட்டையாகப் போகிறது, குஞ்சு நோஞ்சானாக வருகிறது என்று புலம்புவார்கள். வளையமும் நோட்டும் வைத்திருப்பவர் 17ம் நம்பர் ஆணுக்கு 42ம் நம்பர் பெண்ணைக் கட்டக்கூடாது, இரண்டுக்கும் தாத்தா ஒன்றே என்று பார்த்துவிட்டுத்தான் பானை வைப்பார். இங்கிலாந்தில் 1925ல் தொடங்கிய பட்ஜெரிகர் சொசைட்டி மாதிரியான சங்கங்களின் கண்காட்சிகளில் வளர்ப்பவருக்கான போட்டிப் பிரிவுகளுக்கு வளையம் கட்டாயம், நான் வளர்த்தது என்று ஒருவர் கொண்டுவந்து நிறுத்தும் பறவை நிஜமாகவே அவர் கூட்டில் பிறந்ததா என்று தெரிய வேண்டுமே. அந்த நாட்டில் விஷயம் சட்டம் வரைக்கும் போனது. அங்கே காட்டில் பறக்கும் கோல்ட்ஃபிஞ்ச் மாதிரிக் குருவிகளைக் கூண்டில் வளர்த்து விற்க வேண்டுமென்றால், அது கூண்டிலேயே பிறந்து மூடிய வளையம் போட்டதாக இருக்க வேண்டும் என்று 1981ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

அமெரிக்காவில் வளையத்தின் கதை ஒரு நோயோடு சேர்ந்து வருகிறது. நம் ஊர்க் கோழிக்கு வருமே வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட், அதன் கடுமையான ஒரு வகை 1971ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் புகுந்தது. புகுந்த வழி, வளர்ப்புக்கென்று இறக்குமதியான கிளிகள். அதை அடக்கி முடிப்பதற்குள் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பறவைகளைக் கொன்றார்கள், பெரும்பாலும் முட்டைக் கோழிகள். அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கிளியும் 30 நாள் தனிமையில் இருந்துதான் ஊருக்குள் போக வேண்டும் என்றானது, அப்படித் தனிமையில் இருந்த பறவைகளின் காலில் ஸ்டீல் வளையம் ஏறியது. வெட்டு உள்ள, திறந்து மாட்டும் வளையம், ஏனென்றால் வந்தவை பெரும்பாலும் காட்டில் பிடித்த வளர்ந்த பறவைகள். ஆக அங்கே ரொம்ப நாள் திறந்த வளையம் என்றால் காட்டிலிருந்து வந்தது, மூடிய வளையம் என்றால் வீட்டில் பிறந்தது என்று காலைப் பார்த்தே சொல்ல முடிந்தது. 1992ல் காட்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த இறக்குமதியே பெரும்பாலும் நின்றுபோனது. கிளி நீண்ட ஆயுள்காரன், அந்த ஸ்டீல் வளையத்தோடு இன்னும் சில கிழட்டுக் கிளிகள் அங்கே வீடுகளில் உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ரிங் இருந்தால் லீகல் என்கிற பேச்சு.

பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, மலை மைனா, சில்லை என்று நம் நாட்டுக் காட்டுப் பறவை எதையும் வீட்டில் வளர்க்கக்கூடாது. நாட்டுப் பறவை வியாபாரம் 1990-91லேயே முழுக்கத் தடையாகிவிட்டது. பச்சைக்கிளி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதன் காலில் தங்க வளையமே போட்டாலும் குற்றம் குற்றம்தான். 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது, வெற்றி என்று ஜோசியம் சொன்னார்கள், அது வீடியோவாகப் பரவியதும் வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது, ஞாபகமிருக்கும். அரசியல் பழிவாங்கலா இல்லையா என்று ஊரே சண்டை போட்டது. ஊர் முழுக்க அத்தனை வருஷம் கண்டுகொள்ளாத கூண்டை அன்றைக்கு மட்டும் கண்டார்களே என்கிற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கிளியைக் கூண்டில் வைத்திருந்ததே குற்றம்.

வெளிநாட்டுப் பறவைகளுக்குக் கணக்கு வேறு. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தம் 1973ல் கையெழுத்தானது, இந்தியா 1976ல் சேர்ந்தது. அதன் பட்டியல்களில் கிளி இனங்கள் கிட்டத்தட்ட எல்லாமே உண்டு. பட்ஜெரிகர், காக்டெய்ல், பீச் நிற முகம் கொண்ட ஆப்ரிக்கன் லவ் பேர்ட் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. ஆப்ரிக்கன் கிரே 2017 தொடக்கத்திலிருந்து மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. சன் கான்யூர், கடைகளில் சர்வசாதாரணமாக விற்கிறார்களே, அது இரண்டாம் பட்டியல். 2022ல் நம் சட்டம் திருத்தப்பட்டு இந்தப் பட்டியல்கள் உள்ளே சேர்க்கப்பட்டன, 2024 பிப்ரவரி 28ல் விதிகள் வந்தன. இப்படிப்பட்ட உயிரினம் வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள், கட்டணம் 1,000 ரூபாய். குஞ்சு எடுத்து விற்பவர்களுக்கு உரிமம் தனி. கடைக்காரர் காட்டும் வளையம் இந்தக் காகிதங்களில் எதற்கும் பதில் ஆகாது. காகிதத்தில் இருக்கும் எண்ணும் காலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க உதவும், அந்த மட்டில் நல்லது. காகிதமே இல்லாதபோது எதோடு ஒப்பிடுவது?

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், முதலில், வளையம் யார் வேண்டுமானாலும் அடித்து வாங்கலாம். பெயர், ஆண்டு, வரிசை எண் எல்லாம் நாம் சொல்கிறபடி லேசரில் செதுக்கி கூரியரில் அனுப்பிவிடுவார்கள். 2022ல் பிறந்த பறவைக்கு 2024 என்று போட்டாலும் தடுக்க ஆளில்லை. இரண்டாவது, அந்த அளவு விஷயம். லவ் பேர்ட்ஸ் சைசுப் பறவைக்கு ஒரு சைஸ் பெரிய வளையத்தை எடுத்து, வளர்ந்த பிறகு பாதத்தை எண்ணெய் போட்டு ஒடுக்கித் தள்ளினால் ஏறிவிடும், விரல் உடைந்தாலும் கவலைப்படாத ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் வளையத்தைப் பார்த்துவிட்டு வளையத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது காலில் எவ்வளவு தளர்வாக ஆடுகிறது, விரல் ஏதாவது கோணலாக இருக்கிறதா, நகம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் 1990களில் வல்லூறு வளர்ப்பவர்கள் சிலர் காட்டுக் கூட்டிலிருந்து குஞ்சைத் திருடி, குஞ்சாக இருக்கும்போதே மூடிய வளையம் மாட்டி, என் கூட்டில் பிறந்தது என்று கணக்குக் காட்டினார்கள். அளவு சரி, வளையம் சரி, எல்லாமே சரி. கடைசியில் அப்பா அம்மா என்று காட்டிய பறவைகளோடு குஞ்சின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாட்டினார்கள். வளையம் பொய் சொல்லவில்லை, நோட்டில்தான் பொய் எழுதியிருந்தார்கள்.

போலி வளையம் மரண தண்டனை வரை போய், போலி என்பதாலேயே உயிரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 2020 டிசம்பர் 26ம் தேதி ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இளைத்துப்போன புறா ஒன்று வந்து இறங்கியது. காலில் நீல வளையம். எண்ணைத் தேடினால் அமெரிக்கப் புறா என்று வருகிறது, அக்டோபரில் ஓரிகனில் நடந்த பந்தயத்தில் காணாமல் போனது என்றார்கள். 13,000 கிலோமீட்டர், பசிபிக் கடலைத் தாண்டி! கப்பலில் தொற்றி வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள், அப்போது ஜெயித்திருந்த ஜோ பைடன் நினைவாக ஜோ என்று பெயரும் வைத்தாயிற்று. ஆனால் ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்பு அதிகாரிகளுக்கு இந்தக் குதூகலம் எல்லாம் கிடையாது, வெளிநாட்டுப் பறவை என்றால் கொல்ல வேண்டியதுதான் என்றார்கள். உலகமே கெஞ்சிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பந்தயப் புறாச் சங்கம் தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இந்த எண்ணுக்குரிய எங்கள் புறாவின் நிறம் வேறு, இது போலி வளையம் என்று சொன்னது. அப்படியானால் இது உள்ளூர்ப் புறா, ஆளை விடு என்று அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஜோ செத்திருக்கும், எண்ணுக்கு எதிரே எழுதி வைத்திருந்த நிறத்தைப் பார்த்ததால் பிழைத்தது.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான கதைகள் நடக்கின்றன. 2020 மே மாதம் ஜம்மு காஷ்மீர் எல்லையில் கதுவாவில் ஒரு புறா பிடிபட்டது, இளஞ்சிவப்புச் சாயம், காலில் வளையம், அதில் எண்கள். உளவாளி, ரகசியக் குறியீடு என்று பரபரப்பு. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர், ஐயா அது என் புறா, அதில் இருப்பது என் செல்போன் நம்பர் என்றார்! புறாவைப் பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்தது 2023 மே, மும்பை செம்பூர் அருகே பீர் பாவ் துறையில் பிடித்த புறா, இரண்டு கால் வளையம், இறகில் சீன எழுத்து மாதிரி ஏதோ. போலீஸ் விசாரணை, பரேலில் உள்ள விலங்கு மருத்துவமனையில் கூண்டு வாசம், எட்டு மாதம். கடைசியில் அது தைவானில் கடல் மேல் விடும் பந்தயப் புறா, வழி தவறி வந்தது என்று தெரிந்து 2024 ஜனவரி 30ல் விடுதலை. அந்த எண்ணுக்குரிய நோட்டு தைவானில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது, இங்கே அதைக் கேட்கத்தான் எட்டு மாதமாயிற்று. புறாக் காலில் ஏதாவது இருந்தால் கடிதம் என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒடிசா போலீஸ் 1946லிருந்து நிஜமாகவே புறா அஞ்சல் நடத்தியவர்கள்தானே. ஆனால் கடிதக் குழாயும் வளையமும் ஒன்றில்லை.

பந்தயப் புறா என்றதும் வட சென்னை ஞாபகம் வராமல் இருக்குமா? என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், மொட்டை மாடியில் ஹோமர் வளர்க்கிறார். நாக்பூர், போபால் என்று வடக்கே லாரியில் கொண்டுபோய் விட, அங்கிருந்து வீடு தேடி வர வேண்டும். அவரிடம் ரிங் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். “ஏம்மா, ரிங் இல்லாத புறாவை கிளப்புல கூடையிலயே ஏத்த மாட்டாங்க, அது ஓடுனா என்ன ஓடாட்டி என்ன?” குஞ்சுக்குப் போட்ட ஆண்டு வளையத்தைக் கிளப் தன் பதிவேட்டில் இவர் பெயரில் எழுதி வைத்திருக்கும். பந்தயத்துக்குக் கூடையில் ஏற்றும்போது இன்னொரு காலில் ரப்பர் வளையம் ஒன்று ஏறும், அதன் எண் வீட்டுக்காரருக்குத் தெரியாது. புறா வந்து இறங்கியதும் அந்த ரப்பரைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் போட்டால் நேரம் பதிவாகும், பழைய முறை அது. இப்போது சிப் வைத்த வளையம், மாடிப் பலகையில் கால் வைத்ததும் தானே பதிவாகிற கருவி எல்லாம் வந்துவிட்டது. வேறு ஒருவர் புறா வழிதவறி நம் மாடியில் இறங்கினால் எண்ணைப் பார்த்து உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மரியாதை. அண்ணன் சொல்வார், சொல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்று, சொல்லும்போதே யார் யார் என்று பெயர்ப் பட்டியலும் வரும். அதை இங்கே எழுத முடியாது.

வளையம் மாட்டி நோட்டில் எழுதும் இந்தப் பழக்கத்தை ஒழுங்கான ஆராய்ச்சி ஆக்கியவர் டென்மார்க்கில் விபோர்க் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன். முதலில் துத்தநாகத்தில் செய்து பார்த்தார், கனம் தாங்கவில்லை. 1899ல் அலுமினியத்தில் எண்ணும் ஊர்ப் பெயரும் பொறித்து 165 ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டிவிட்டார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927ல் இந்த வேலையை ஆரம்பித்தது, நம் கோடியக்கரையில் அவர்கள் பல பத்தாண்டுகளாக வளையம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூந்தன்குளத்தில் கழுத்தில் மங்கோலியாவில் மாட்டிய பட்டையோடு வரித்தலை வாத்துகளைப் பார்த்திருக்கிறார்கள். வளையத்தை வேறு ஊரில் வேறு ஆள் படித்துச் சொன்னால் ஒழிய இதிலெல்லாம் பயன் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த பறவை விஸ்டம். லேசான் ஆல்பட்ராஸ் இனம், பசிபிக்கில் மிட்வே தீவில் முட்டை இடுகிறது. 1956ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்பவர் அதற்கு வளையம் போட்டார். அலுமினியம் உப்புத் தண்ணீரில் தேய்ந்துபோகும், அதனால் இடையிடையே வேறு ஆட்கள் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள், ஒவ்வொரு முறையும் எண் மாறியது. 2002ல் அதே ராபின்ஸ் அதே தீவுக்குப் போய்ப் பறவைகளுக்கு வளையம் மாற்றிவிட்டு வந்தார். அதன் பிறகு பதிவேட்டில் ஒரு பறவையின் எண்ணைப் பின்னாலேயே பிடித்துப் போனால், இந்த எண்ணுக்கு முந்தின எண், அதற்கு முந்தின எண் என்று போய், கடைசியில் 1956ல் அவர் கையாலேயே போட்ட எண்ணில் வந்து நிற்கிறது. நடுவில் ஒரே ஒருவர் சோம்பேறித்தனப்பட்டு பழைய எண்ணை எழுதாமல் விட்டிருந்தால் அது ஏதோ ஒரு ஆல்பட்ராஸ். 2024 கடைசியில், குறைந்தது 74 வயதில், அது திரும்பவும் முட்டை இட்டது.

சரி, வளையத்தால் பறவைக்கு ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. கூண்டுக் கம்பி நுனியில் மாட்டிக்கொண்டு தொங்கும், பயத்தில் படபடவென்று அடித்துக் காலை முறித்துக்கொள்ளும். கயிற்று பொம்மைகளின் நூல் பிரிந்து வளையத்தில் சுற்றிக்கொள்வது இன்னும் மோசம். வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே செதில் சேர்ந்து இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து கால் வீங்குவதும் உண்டு, வயதான பறவைகளில் அடிக்கடி பார்க்கலாம். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது வளையம் சுழல்கிறதா, மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நகராமல் நின்றாலோ அதற்குக் கீழே பாதம் நிறம் மாறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டில் இருக்கிற கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள், தயவுசெய்து. ஈர்க்குச்சி கனமுள்ள கால் எலும்பு அது, அலுமினியம் வெட்டுப்படும் நொடியில் ஒரு திருகு திருகும், அந்தத் திருகில் எலும்பு போய்விடும். பறவை பார்க்கும் மருத்துவரிடம் இதற்கென்றே வெட்டி இருக்கும், ஸ்டீல் வளையமாக இருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள்.

ஆபத்து இருக்கிறதென்று நன்றாக இருக்கும் வளையத்தை எல்லாம் வெட்டிப் போடவும் வேண்டாம் என்பது என் கட்சி. தளர்வாக இருந்து, கூண்டும் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய கிளிகளுக்கு மார்புச் சதையில் மைக்ரோசிப் வைக்கலாம், ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும், லவ் பேர்ட்ஸ் சைசுக்கு அது ஒத்துவராது. வளையத்தைக் கண்ணால் படிக்கலாம், ஒரு படிக்கிற கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

யார் வீட்டுப் பறவையோ உங்கள் பால்கனிக்கு வந்துவிட்டால், முதலில் தண்ணீரும் தினையும் வையுங்கள், வளையத்தை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், எண் சுற்றி எழுதியிருக்கும், ஒரு பக்கம் எடுத்தால் பாதிதான் வரும். வெளியே அறிவிக்கும்போது முழு எண்ணைப் போடாதீர்கள், கடைசி இரண்டு எழுத்தை மறைத்துவிட்டு, உங்கள் பறவை என்றால் மிச்சத்தைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே பறவைக்கு நாலு சொந்தக்காரர்கள் வருவார்கள்.

அப்புறம், டாக்டர் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டால் அந்தத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு, தேதியும் எதற்காக எடுத்தது என்றும் எழுதி, மருத்துவச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். டிஎன்ஏ கார்டும் வாங்கிய பில்லும் அதே கவரில் இருக்கட்டும்.